ஆடி ஆஃபரில் தாய்லாந்து: அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடி பக்கம். லியனார்டோ டிகாப்ரியோ நடித்த ‘தி பீச்’ படத்தில் வரும் தாய்லாந்துக் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் படிக்கும் மகன் ஒரு வருடமாகக் கேட்கிறான். ஏஜென்ட் ஒருவர் ‘ஆடி ஆஃபர்’ என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஐந்து நாள் பேக்கேஜ் சொல்கிறார். என் மனைவி எட்டாவது வரை படித்தவர். அவர் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்ற குறிப்பு இருக்கிறது. அதை ‘க்ளியர்’ செய்யத் தனியாக எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். அட்வான்ஸ் கட்டலாமா, ஐயா?

பதில்: கட்டாதீர்கள். ஆகஸ்டில் அந்தக் கடற்கரை மூடிக்கிடக்கும்.

அதன் பெயர் மாயா பே; ‘பே’ என்றால் வளைகுடா. கிராபி மாகாணத்தில் பீ பீ லே என்ற சின்னத் தீவில் இருக்கிறது. 2000-இல் படம் வந்த பிறகு கூட்டம் ஏறிக்கொண்டே போய், ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை இறங்கினார்கள். படகுகளும் நங்கூரமும் பட்டுப் பவளப்பாறை நாசமானதால் 2018 ஜூனில் மூடியவர்கள், 2022 ஜனவரி 1 அன்றுதான் திறந்தார்கள். அதிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் விடுமுறை. இது ஏஜென்டுக்குத் தெரியாமல் இருக்காது.

விலை ஏன் மலிவு என்று யோசித்தீர்களா? குடகில் பெய்து மேட்டூரை நிரப்பும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மாயா பே இருக்கும் அந்தமான் கடலையும் கலக்குகிறது. நமக்கு ஆடிக்காற்று, அங்கே மழையும் அலையும். படகு கிளம்புமா என்பதே அன்றன்று காலையில்தான் தெரியும்.

இப்போது ஏஜென்ட் தந்த ஐட்டினரி, அதாவது பயணத் திட்டத் தாளை எடுத்து, ‘மாயா பே’ என்ற பெயருக்கு அடுத்த வார்த்தையைப் பாருங்கள். ‘போட்டோ ஸ்டாப்’ என்றோ ‘வியூ’ என்றோ இருந்தால் படகு வளைகுடாவுக்கு வெளியே சற்று நேரம் நிற்கும், நீங்கள் செல்போனைத் தூக்கிப் பிடிப்பீர்கள், திரும்பிவிடும். கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று இப்படித்தான் போய்விட்டு வந்து என்னிடம் அழுதது. கரையில் இறக்கிவிடுவார்கள் என்றால் ‘லேண்டிங்’ என்று எழுதியிருக்க வேண்டும். தேசியப் பூங்காக் கட்டணம் தாய்லாந்துப் பணத்தில் பெரியவர்களுக்கு 400 பாட், சிறுவர்களுக்கு 200. அது பேக்கேஜில் சேர்ந்ததா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘வாயால சொன்னா போதாதா சார்’ என்று சிரிப்பார்கள். போதாது.

அடுத்தது ஈசிஆர். நம் பக்கம் ஈசிஆர் என்றால் நாகப்பட்டினம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு: ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இது இருக்கும். இவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். அந்தப் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு. ஏஜென்ட் உங்களிடம் காட்டுவது இந்த வரியை மட்டும்தான். வேலைக்குப் போனால்தான் அனுமதி. சுற்றுலாவுக்கு வேண்டாம். உங்கள் மனைவி கடல் பார்க்கப் போகிறார், அங்கே பாத்திரம் கழுவப் போகவில்லை. அவருக்கு எந்த க்ளியரன்ஸும் வேண்டாம். இல்லாத ஒரு வேலைக்குத்தான் எட்டாயிரம் கேட்கிறார்.

ஆனால் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி கேள்வி கேட்பார். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் மியான்மர் எல்லையில் தள்ளிவிடப்பட்ட தமிழ் இளைஞர்களை 2022-இல் மீட்டுக் கொண்டுவந்தது நினைவிருக்கலாம். அதனால் உங்கள் மகனிடமும் கேட்பார்கள். அனுப்பிவைத்த புரோக்கர் ஊரில் மடிப்புக் கலையாத வேட்டியில் உலாத்துகிறான், ஹாலிடே போகும் அம்மா கவுண்டரில் நின்று விளக்கம் சொல்கிறார். நம் ஏற்பாடு இப்படி. ரிட்டர்ன் டிக்கெட், மூவர் பெயரும் உள்ள ஹோட்டல் புக்கிங், மகனின் கல்லூரி அடையாள அட்டை, இவற்றைக் காகிதத்தில் பிரின்ட் எடுத்து மனைவியின் கைப்பையிலேயே வையுங்கள். ‘எத்தனை நாள், எந்த ஹோட்டல்’ என்று கேட்டால் பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும், உங்களிடமிருந்து அல்ல.

இன்னொரு பிடுங்கல், வருகை அட்டை. 2025 மே முதல் தாய்லாந்து இதை இணையத்தில் நிரப்பச் சொல்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் போலி, அல்லது தரகு. மகனே பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவான். விசா விதியை மட்டும் அவர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள்; டிக்கெட் போடும் அன்று தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

சரி, எப்போது போகலாம்? சம்பா அறுத்துக் களம் காலியானதும், தை கடைசி அல்லது மாசி. அந்தமான் கடல் அப்போது அமைதியாக இருக்கும், உங்கள் கையிலும் நாலு காசு இருக்கும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் மாறிப் போகலாம். பீ பீ லேயில் தங்க அனுமதி இல்லை. பக்கத்துத் தீவான பீ பீ டோனில் அறை எடுத்து, காலை முதல் படகைப் பிடியுங்கள். படகு வளைகுடாவுக்குள் போகாது. தீவின் பின்பக்கம் லோ சமா என்ற இடத்தில் இறக்கிவிடுவார்கள். மரப்பாதையில் சில நிமிஷம் நடந்தால் வெள்ளை மணல் வந்துவிடும்.

நீச்சல் உடை அங்கே உதவாது என்று மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். முழங்கால் அளவுக்கு மேல் இறங்கினால் காவலர் விசில் ஊதுவார். மூடியிருந்த காலத்தில் துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் அந்த ஆழமில்லாத் தண்ணீருக்குத் திரும்பி வந்தன. காலையில் கூட்டம் சேருவதற்குள் போய்ச் சத்தம் போடாமல் நின்றால், கரையோரமாகவே அவை திரிவதைப் பார்க்கலாம்.