முதியவர்களுக்கு ‘ஆளுக்கேற்ற உடற்பயிற்சி’ என்றால் என்ன? வாக்கிங் மட்டும் போதாதா?

ஒருவரின் இன்றைய கால் பலம், தள்ளாட்டம், மூட்டுவலி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து அவருக்கென்றே அமைக்கும் பயிற்சிதான் இது. 70 வயதில் இருவர் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவருக்கு முழங்கால் தேய்ந்திருக்கும், இன்னொருவருக்கு எழுந்ததும் தலை சுற்றும். பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டால் நமக்கு எழுத்து தெரியுமா? அப்படித்தான். தசைக்குக் கொஞ்சமாவது சிரமம் கொடுத்தால்தான் அது வலுப்படும். அளவு மீறினால் வலிதான் மிஞ்சும். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

தொடங்க ஒரு எளிய சோதனை உண்டு. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். (பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்கட்டும்.) 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் கீழே வந்தால் சராசரியைவிடக் குறைவு, விழும் அபாயம் இருக்கிறது. கையூன்றாமல் எழவே முடியவில்லையா? சரி, கெட்டிப் போர்வையை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்திப் பழகட்டும். பலம் வர வர ஒவ்வொரு மடிப்பாகக் குறைக்கலாம்.

வாக்கிங் போனாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது சமநிலை, தசை பலப் பயிற்சிகளும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.