திறந்தவெளிச் சிற்பம் பார்க்கக் கிளம்புகிறீர்களா? கொசப்பேட்டையில் தொடங்குங்கள்

நாட்டுப்புறக் கலை, வெட்டவெளியில் நிற்கும் சிற்பங்கள், இவற்றை மட்டும் பார்க்கத் தமிழ்நாட்டில் ஒரு சுற்று போகவேண்டும், சென்னையிலிருந்து எங்கே தொடங்கலாம் என்பது உங்கள் கேள்வி. யாரைக் கேட்டாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் காட்டுவார்கள். நானும் அங்கே அனுப்புவேன், ஆனால் இரண்டாவது நாள். நான் ராயபுரத்துக்காரன். முதல் நாளை வடசென்னைக்குக் கொடுங்கள்.

சூளைக்கும் பட்டாளத்துக்கும் பக்கத்தில் கொசப்பேட்டை. குயவர்கள் குடியிருந்த பேட்டை. பக்கத்து ஏரியாவின் பெயரே சூளைதானே. விநாயகர் சதுர்த்திக்கு ஒரு மாதம் முன்பு போனால் வீட்டு வாசல், திண்ணை, மாடிப்படி என்று எங்கே பார்த்தாலும் களிமண் பிள்ளையார் காய்ந்துகொண்டிருப்பார். அது முடிந்ததும் கொலு பொம்மை. இதை யாரும் சிற்பக்கூடம் என்று சொல்வதில்லை, போர்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஒருமுறை அரை மணி நேரமாக ஒரே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சிலிருந்து எடுத்த பிள்ளையாருக்கு விரலைத் தண்ணீரில் தொட்டு தும்பிக்கையின் வளைவைச் சரிசெய்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னாபா, வாங்கறியா, வேடிக்கையா?" என்றார். வேடிக்கைதான் என்று சொல்ல வெட்கமாகி ஒரு சின்னப் பிள்ளையாரை வாங்கிவந்தேன். கண்ணுக்குக் குண்டுமணி வைத்துக் கொடுத்தார். அந்தக் கறுப்பு சிவப்பு மணி உட்கார்ந்த நொடியில்தான் மண் முகமாகிறது, அதைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

அப்புறம் சென்ட்ரலில் ஆவடி லோக்கல் பிடித்து திருமுல்லைவாயிலில் இறங்கி, பச்சையம்மன் கோயிலுக்குப் போங்கள். வாழ்முனி, செம்முனி என்று காவல்தெய்வமான முனிகள் ஒரு காலை மடக்கி, கையில் ஆயுதத்தோடு, முறைத்த கண்ணும் முறுக்கிய மீசையுமாக உட்கார்ந்திருப்பார்கள். சுதை உருவங்கள்தான், ஆனால் ஆளை அப்படியே சின்னதாக்கிவிடும் அளவு. கலை தெரிந்த நண்பர் ஒருவர், "எனாமல் பெயின்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று முகம் சுளித்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயின்ட் அடிக்கிறார்கள் என்றால் சாமி இன்னும் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, இரண்டாவது நாள். மெரினா வழியாகப் போனால் உழைப்பாளர் சிலையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். பாறையை நெம்பும் நான்கு பேர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா அது ஹார்பர் ஆட்களுக்கு வைத்த சிலை என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார், நாங்களும் திருத்தவில்லை.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்கள், சிற்பிகளும் உருவாக்கியது. பத்திக் என்கிற மெழுகுச் சாயத் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு அங்கே இருக்கும் சிற்பங்களைவிடப் பெரிய ஆச்சரியம். மரத்தடிகளில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள் நிற்கின்றன. நீங்கள் சிற்பப் பூங்கா என்று கேட்டதற்கு நேரான பதில் இந்த இடம்தான்.

அங்கிருந்து முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996இல் திறந்தது, செவ்வாய்க்கிழமை விடுமுறை, இதை மறந்துவிட்டுப் போய் கேட்டைப் பார்த்துத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே அய்யனாரும் இருக்கிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் அம்மாவைப் பார்த்துவிட்டு, தானும் செருப்பைக் கழற்றினாள்.

மாமல்லபுரம் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, உங்களுக்கே தெரியும். அர்ச்சுனன் தபசு பாறையில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதைக் கும்பிடும் எலிகளையும் தேடிப் பாருங்கள். அதே காட்சியைப் பாதியில் விட்டுவிட்ட இன்னொரு பாறையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. முடிந்ததைப் பார்த்தபின் முடியாததைப் பார்த்தால் உளி எங்கே தொடங்கி எங்கே போயிருக்கும் என்பது கொஞ்சம் பிடிபடும்.

ஆனால் கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தால், சென்னையை விட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்கு ரயில் ஏறுங்கள். சும்மா சொல்லவில்லை. நமணசமுத்திரம் அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியின் இரண்டு பக்கமும் சுடுமண் குதிரைகள், வரிசை வரிசையாக. முன்னால் நிற்பவை முழுசாக இருக்கும். பின்னால் போகப் போக காது இல்லாதது, முகம் இல்லாதது, நான்கு கால் மட்டும் நிற்பது, கடைசியில் வெறும் ஓட்டுச் சில்லு, அதன்மேல் செடி. நான் மே மாதம் உச்சிவெயிலில் போய், கோயில் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கொப்பளித்துத் திரும்பிய புத்திசாலி. நீங்கள் காலையில் போங்கள்.

உடைந்ததை ஏன் சரிசெய்யவில்லை என்று அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அது போனா புதுசு வரும்ல" என்றார், அவ்வளவுதான். அங்கே நடைமுறையே அப்படி. ஊரார் குதிரை நேர்ந்துகொண்டால் முதலில் குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள், ஒரு கைப்பிடி மண், அதுதான் வேலை ஆரம்பிக்க உத்தரவு. களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, கால்களைக் குழாய்போலத் தனியாக எழுப்பி, அதன்மேல் உடம்பு, கழுத்து, தலை என்று உள்ளே கூடாகவே வளர்த்துக்கொண்டு போவார்கள். கூடாக இல்லாவிட்டால் சுடும்போது வெடித்துவிடும். வைக்கோல், வறட்டி, விறகு அடுக்கிச் சுட்டு, வண்ணம் பூசி, ஊர்வலமாகக் கோயிலுக்குத் தூக்கிப்போவதுதான் புரவி எடுப்பு. அந்த நாளில் போக முடிந்தால் அதிர்ஷ்டம். அதே மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில் 33 அடி உயரக் குதிரை ஒன்று இருக்கிறது. மாசி மகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலை சாத்துவார்கள், மாலைகளுக்குள் குதிரையே மறைந்துபோகும்.

இன்னொன்று, இதை எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் சிற்பம் என்று சேர்க்கமாட்டார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடியும் நாளில் படுகளம் நடக்கும். வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் படுத்த நிலையில் செய்வார்கள், ஒரு வீட்டு நீளத்துக்கு மேலேயே இருப்பான், முகத்துக்கு வண்ணம், மீசை, கிரீடம் எல்லாம் உண்டு. காலையில் செய்து முடித்த உருவத்தின் தொடையைக் கொஞ்ச நேரத்தில் பீமன் வேடக்காரர் கதாயுதத்தால் அடித்துப் பிளப்பார். நான் போன ஊரில் அது முடிந்ததும் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். மத்தியானம் பார்த்தால் மைதானத்தில் ஒரு மேடு மட்டும்தான். சித்திரை, வைகாசியில் விசாரித்துக்கொண்டு போங்கள், ஊருக்கு ஊர் தேதி மாறும்.

போட்டோ எடுப்பது பற்றி: எல்லைச்சாமி கோயில்களில் பூசாரியைக் கேட்காமல் போனைத் தூக்காதீர்கள். சில இடங்களில் முகத்துக்கு நேராக எடுக்கவே விடமாட்டார்கள், வாதம் செய்யவேண்டாம். கொசப்பேட்டைக்கு வருவதென்றால் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், காயப்போட்ட பிள்ளையார்களுக்கு நடுவே ஹேண்டில்பாரைத் திருப்ப இடம் இருக்காது.