பனிநாளில் பணிஸும் குவில்ட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனி கொட்டிப் பாடசாலைகள் மூடப்படும் நாட்களில் எனக்கும் விடுமுறை. சென்ற முறை அப்படிக் கிடைத்த நாளில் ஒரு குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கவும் சீனிச்சம்பல் பணிஸ் (இனிப்பு வெங்காயச் சம்பல் வைத்த பன்) சுடவும் ஆசைப்பட்டுத் தொடங்கினேன். மாலையில் குவில்ட் அரைகுறையாகக் கிடந்தது. பணிஸோ கல்லுப்போல் இருந்தது. ஒரே நாளில் இரண்டையும் செய்ய முடியுமா?
– வாசகி, ஸ்கார்பரோ

பதில்: முடியும். ஆனால் அந்த நாளை நடத்த வேண்டியது தையல் இயந்திரம் அன்று, ஈஸ்ட். குழைத்த மா தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டுதான் பொங்கும்; தையலையோ எந்த வரிசையிலும் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். ஆகவே மா பொங்கும் இடைவெளிகளுக்குள் அடங்கும் அளவுக்குத் தையல் வேலையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கட்டிலை மூடும் போர்வையைப் பகலொன்றில் முடிக்க நினைப்பது பழகியவர்களுக்கே ஆகாத காரியம். 5 அங்குலச் சதுரங்கள் 16 போதும். எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும்; நான்குக்கு நான்காக இணைத்தால் 18 அங்குலக் குஷன் உறை கிடைக்கும். இதே சதுரங்களை 64 ஆக்கினால் 36 அங்குலக் குழந்தைப் போர்வை ஆகிவிடும். அதை இன்னொரு பனிநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

2022 ஜனவரி 17 அன்று டொரொன்டோவில் டொன் வலி பார்க்வேயையும் கார்டினர் விரைவுச்சாலையையும் மூடும் அளவுக்குப் பனி கொட்டியது நினைவிருக்கும். அன்று நான் வைத்துக்கொண்ட ஒழுங்கைச் சொல்கிறேன். பனி எச்சரிக்கை முதல்நாளே வந்துவிடுவதால், சீனிச்சம்பலை அன்றிரவே செய்து ஆறவிட்டேன். வெங்காயம் மெல்லிய தீயில் நிறம் மாறி வதங்க முக்கால் மணி நேரமாவது வேண்டும் என்பது ஒரு காரணம். சன்னல்கள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் வெங்காயமும் மாசிக் கருவாடும் வதங்கும் மணத்தைக் குவில்ட்டின் பஞ்சு விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய காரணம். தையல் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுப்பை மூட்ட வேண்டும். சதுரங்களையும் அன்றிரவே, கையில் பட்டர் படாத வேளையில், வெட்டி வைத்துவிட்டேன்.

காலை ஒன்பதுக்கு 500 கிராம் மா, 240 மில்லிலீட்டர் இளஞ்சூட்டுப் பால், ஒரு முட்டை, 50 கிராம் சீனி, 60 கிராம் பட்டர், 7 கிராம் உடனடி ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பத்து நிமிடம் குழையுங்கள். கனடாவில் விற்கும் சாதாரண மாவிலேயே புரதம் அதிகம் என்பதால் பாண் (பிரெட்) மா தேடி அலைய வேண்டியதில்லை. முதற் பொங்கலுக்கான ஒன்றரை மணி நேரத்தில் நான்கு வரிசைகளையும் தைத்துவிடலாம். பிறகு மாவைப் பன்னிரண்டாகப் பிரித்து, சம்பல் வைத்து உருட்டி, மீண்டும் முக்கால் மணி நேரம் விடுங்கள். அதற்குள் வரிசைகளை ஒன்றோடொன்று இணைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்திவிடலாம். அழுத்துவது என்றால் பெட்டியை வைத்து எடுப்பதுதான்; இழுத்துத் தேய்த்தால் சதுரம் கோணிவிடும். 190 பாகை செல்சியஸில் பணிஸ் வேகும் இருபது நிமிடமும் போறணை அடுப்புக்கு அருகிலேயே இருங்கள். “இன்னும் ஒரே ஒரு வரிசை” என்று இயந்திரத்தில் உட்கார்ந்தவர்கள் கருகிய பணிஸைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். பஞ்சும் அடித்துணியும் வைத்து மூன்று அடுக்காகத் தைப்பதைத் தேநீருக்குப் பின் தொடங்குங்கள்.

பணிஸ் கல்லானதற்குக் காரணம் பெரும்பாலும் குளிராகவே இருக்கும். ஈஸ்ட் 25 பாகையை ஒட்டிய சூட்டில் நன்றாக வேலை செய்யும். சன்னலோரக் கல் மேசையில் வைத்த மா அந்தச் சூட்டைக் காண்பதில்லை. சூடேற்றாத போறணைக்குள் மாப் பாத்திரத்தையும் அருகே ஒரு கோப்பை கொதிநீரையும் வைத்துக் கதவை மூடுங்கள். கூடவே போறணையின் திருகில் ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். உள்ளே மா இருப்பதை மறந்து சூடேற்றி ஒரு பிளாஸ்டிக் மூடியை உருக்கியவள் நான். மாறாக, பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தாலும் இதே கதிதான், 60 பாகையை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். கணப்பு ஓடும் வீட்டில் காற்றும் வறண்டிருக்கும் என்பதால் மாவின் மேல் ஈரத்துணி போட மறக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவின் பழைய சேலைகளைக் குவில்ட்டுக்கு வெட்டலாமா?
– வாசகி, மார்க்கம்

பதில்: பருத்திச் சேலையென்றால் தாராளமாக வெட்டலாம். வங்காளத்தின் காந்தாப் போர்வையே பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டதில் பிறந்ததுதான். முதலில் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகிய பகுதியும் காலில் உரசிய கரையும் நைந்து ஒளி விடும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். சாயம் போகிறதா என்று குளிர்நீரில் தனியே அலசிப் பார்ப்பதும் அவசியம்; சிவப்புச் சேலை வெள்ளைச் சதுரங்களைக் கெடுத்தபின் செய்வதற்கொன்றுமில்லை. சேலைத்துணி குவில்ட் துணியைவிட மெல்லியது என்பதால், இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய கன்வஸைப் பின்புறம் ஒட்டிய பிறகே வெட்டுங்கள். இல்லையேல் இயந்திரத்தில் இழுபட்டு, சதுரத்துக்குச் சதுரம் அளவு மாறும். சரிகை போட்ட பட்டுச் சேலையைத் தொடாதீர்கள் என்றே சொல்வேன். சரிகை இஸ்திரிச் சூட்டைத் தாங்காது, போர்வையாக்கினால் தோலையும் உரசும். அம்மாவின் கூறைச் சேலை அலமாரியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நடுவில் வைக்கும் பஞ்சு பருத்தியா, பொலியெஸ்டரா?
– வாசகர், அஜக்ஸ்

பதில்: குஷனுக்கு எது வைத்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. போர்த்திக்கொள்ளும் குவில்ட்டுக்குப் பருத்தியையே தேர்ந்தெடுப்பேன். முதற் கழுவலில் அது சற்றுச் சுருங்குவதால் துணியில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, பல ஆண்டுகள் புழங்கிய போர்வையைப் போன்ற தோற்றம் வரும். அந்தச் சுருக்கம் பிடிக்காதவர்கள், உறையில் கழுவச் சொல்லியிருந்தால் மட்டும், பஞ்சை முன்கூட்டியே நனைத்து உலர்த்திக்கொள்ளலாம்.