பழைய சங்கிலி ரம்பம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மறைந்த என் தந்தையார் பயன்படுத்திய பெட்ரோல் சங்கிலி ரம்பம் என்னிடம் இருக்கிறது. பெயர் ஒட்டிய தாள் முற்றிலும் அழிந்துவிட்டது. மஞ்சள் நிறம் என்பதால் அது மெக்கல்லக் நிறுவனத்தின் ரம்பம்தான் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: இருக்கலாம்; ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது சரியல்ல. மெக்கல்லக் ரம்பங்கள் பல மஞ்சள் நிறத்தவைதாம். எனினும், பழைய இயந்திரத்துக்கு மறுவண்ணம் பூசியிருக்கக்கூடும். ஹோம்லைட் போன்ற நிறுவனங்களோ சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணத்தை மாற்றிக்கொண்டே வந்தன. போதாக்குறைக்கு, சியர்ஸ் போன்ற விற்பனை நிறுவனங்கள் பிறர் தயாரித்த ரம்பங்களைத் தம் பெயரில் விற்றன.

முதலில் மண்ணெண்ணெய் தோய்த்த பல்துலக்கியால் எஞ்சின் உடலைத் துடைத்து, மாடல் எண் குத்திய உலோகத் தகட்டைத் தேடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது அச்சுக் குத்திய எண்ணையும் சேர்த்துத் தேய்த்துவிடும். எண் மங்கியிருந்தால், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண்கள் பெரும்பாலும் உதிரிபாக எண்களே. அவற்றை மாடல் எண்ணாக எடுத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் ஏராளம்.

காலத்தை அறிய, உள்ளே இருக்கும் அமைப்பைப் பாருங்கள். எஞ்சினுக்கும் சங்கிலிப் பல்சக்கரத்துக்கும் இடையே கியர் இருந்தால், அது பெரும்பாலும் 1950களையோ அதையொட்டிய ஆண்டுகளையோ சேர்ந்ததாக இருக்கும். கியர் இல்லாமல் நேரடியாகச் சங்கிலியைச் சுழற்றிய, 12 கிலோ எடையுள்ள காண்ட்ரா ரம்பத்தை ஸ்டீல் (Stihl) என்ற ஜெர்மன் நிறுவனம் 1959இல் வெளியிட்ட பிறகு, கியர் படிப்படியாக வழக்கொழிந்தது. ஃபிளைவீலுக்கு (எஞ்சினின் சுழல்சக்கரத்துக்கு) அடியில், திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் பிளாட்டினம் பாயிண்ட் இருந்தால், மின்னணுப் பற்றவைப்பு பரவிய 1970களுக்கு முந்தைய வடிவமைப்பு என்று கொள்ளலாம். சங்கிலியையும், அது சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரையும் சான்றாகக் கொள்ள வேண்டாம். அவை தேயத் தேய மாற்றப்படுபவை.

கேள்வி: “மரத்தைச் சாய்க்கும்போது பாரை மட்டும் படுக்கைவாட்டில் திருப்புவோம், எஞ்சின் நிமிர்ந்தே இருக்கும், ரம்பத்தைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும்” என்று பெரியவர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். மிதவை உள்ள கார்புரேட்டரைச் சாய்த்தால் எரிபொருள் ஒழுங்காக வராது என்பதால், பாரையும் கியர்ப்பெட்டியையும் மட்டும் திருப்பும்படி அன்று வடிவமைத்தார்கள். மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு கொண்ட டயாஃப்ரம் கார்புரேட்டர் வந்த பிறகே ரம்பத்தை எந்தப் பக்கமும் சாய்த்து அறுக்க முடிந்தது. எடையும் உண்மையே: 1927இல் எமில் லெர்ப் உருவாக்கிய டோல்மார் ரம்பம் சுமார் 58 கிலோ. அந்தப் பெரியவரிடம், சங்கிலிக்கு எண்ணெய் விடக் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான் இருந்ததா, பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். பெயர்த்தகடு தொலைந்த இயந்திரத்துக்கு இத்தகைய நினைவுகளே ஆவணம்.

கேள்வி: இத்தகைய ரம்பத்தை இன்று ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: பழைய பெட்ரோலை வடித்து, இறுகிப்போன ரப்பர்க் குழாயையும் டயாஃப்ரத்தையும் மாற்றிய பின், விவரம் தெரிந்த மெக்கானிக் முன்னிலையில் எஞ்சினை மட்டும் ஓட்டலாம். அப்போது சங்கிலியையும் பாரையும் கழற்றிவிடுங்கள். மரம் அறுக்க அதைப் பயன்படுத்த வேண்டாம். பாரின் நுனி மரத்தில் பட்டு ரம்பம் முகத்தை நோக்கி எகிறும்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக், அந்தக் காலத்து ரம்பங்களில் பெரும்பாலும் கிடையாது.