22 கோலில் 9 பெனால்டி

கேள்வி: கால்பந்தில் இளம் விங்கர் (மைதானத்தின் ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்) ஒருவர் ஒரே சீசனில் 20 கோல் அடித்துவிட்டால் உடனே வாங்க வேண்டியதுதானே? கிளப்புகள் எதற்காக ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பின்னாலேயே சுற்றுகின்றன? ரொனால்டோவை மான்செஸ்டர் யுனைடெட் ஒரே ஒரு மேட்ச் பார்த்துவிட்டுத்தானே வாங்கியது?

பதில்: இல்லை. 2003 ஆகஸ்ட் 6 அன்று லிஸ்பனில், ஸ்போர்ட்டிங் கிளப்பின் புது மைதானத் திறப்புக்காக நடந்த நட்பு ஆட்டத்தில் 18 வயது ரொனால்டோ, யுனைடெட்டின் தடுப்பாட்டக்காரர் ஜான் ஓஷியைப் படாதபாடு படுத்தினார். யுனைடெட் 3-1 என்று தோற்றது. இவரை விட்டுவிடாதீர்கள் என்று வீரர்களே பயிற்சியாளர் ஃபெர்குசனை நச்சரித்தார்கள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் கிளப் அதற்கு முன்பிருந்தே அவரைக் கவனித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு ராத்திரி செய்தது, பேரத்தை அவசரப்படுத்தியது மட்டுமே. அப்புறம், யுனைடெட்டில் முதல் சீசனில் லீக்கில் அவர் அடித்தது 29 ஆட்டங்களில் 4 கோல். அடுத்த சீசனில் 5. கோலை மட்டும் எண்ணுகிறவர் 2005-லேயே அவரை விற்றிருப்பார். 2007-08-இல் அதே ஆள் லீக்கில் 31 கோல் அடித்தார்.

உங்கள் 20 கோலுக்கு வருகிறேன். நிக்கோலா பெப்பே 2018-19-இல் பிரெஞ்சு லீக்கில் லீல் அணிக்காக 22 கோல் அடித்தார். இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் அவருக்காக 7 கோடியே 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. அதுவரை அந்தக் கிளப் யாருக்கும் கொடுக்காத தொகை. அந்த 22-இல் 9 பெனால்டி, அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் உதை. கழித்தால் 13. அந்த 13 எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். லீல் பின்வாங்கி நிற்கும், பந்தைப் பறித்ததும் பாயும். பெப்பேயின் முன்னால் முப்பது, நாற்பது மீட்டர் வெட்டவெளி கிடைக்கும். ஆர்சனலுக்கு எதிராக ஆடும் அணிகள் அந்த வெளியைத் தருமா? பெனால்டி பாக்ஸைச் சுற்றிக் கூட்டமாக நின்றுகொண்டன. வலது ஓரக்கோட்டில் பந்தோடு நின்ற பெப்பேயின் முன்னால் ஒரு ஃபுல்-பேக் (ஓரத்தைக் காக்கும் தடுப்பாட்டக்காரர்), அந்த ஃபுல்-பேக்குக்குப் பின்னால் இன்னொருவர். இடது காலுக்குத்தான் உள்ளே வருவார் என்று இருவருக்கும் தெரியும். முதல் லீக் சீசனில் 5 கோல். 2023-இல் ஒப்பந்தத்தை முறித்து அனுப்பிவிட்டார்கள்.

அவரை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. பெப்பே நல்ல ஆட்டக்காரர். அப்போதைய பயிற்சியாளர் உனாய் எமெரிக்கு வேண்டியிருந்தது வில்ஃப்ரெட் சாஹா என்ற வேறொரு விங்கர். வந்து சேர்ந்தது பெப்பே. தவறு வாங்கியவர்களுடையது. ஆனால் மூன்று, நான்கு வருடம் திட்டு வாங்கியது அந்தப் பையன். எனக்கு வருத்தம் அதில்தான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஜார்ஜியாவின் க்விச்சா க்வரட்ஸ்கேலியா. ரஷ்யாவின் ருபின் கசானில் எந்த சீசனிலும் அவருடைய கோல் கணக்கு பத்தைத் தொட்டதில்லை. எண்ணை மட்டும் பார்த்தவர்கள் தாண்டிப் போனார்கள். 2022-இல் இத்தாலியின் நாப்போலி கிளப், பெப்பேக்குப் போன தொகையில் ஒரு சிறு பங்குக்கு அவரை வாங்கியது. நெருக்கடியான இடத்தில், ஆள் மேலேயே நிற்கும்போது, இரண்டு காலாலும் வெளியே வரத் தெரிந்தவர். முதல் சீசனிலேயே லீக்கில் 12 கோல். 33 வருடத்துக்குப் பிறகு நாப்போலிக்குப் பட்டம். லீக்கின் சிறந்த வீரர் விருதும் அவருக்கு.

கிளப்புகள் ஒரு வருடம் சுற்றுவது இதையெல்லாம் பார்க்கத்தான். சொந்த மைதானத்தில் ஜொலிக்கிறவர் மழையில், வெளியூரில், 2-0 பின்தங்கிய ஆட்டத்தில் என்ன செய்கிறார்? பந்தைப் பறிகொடுத்ததும் இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா, திரும்பி ஓடுகிறாரா? ஐந்து நிமிட ஹைலைட்ஸில் இது எதுவும் வராது, ஏனென்றால் பறிகொடுத்த பந்தை யாரும் வெட்டி ஒட்டுவதில்லை.

நீங்களும் பார்க்கலாம். ஏதாவது ஓர் ஆட்டத்தை முழுசாகப் போட்டு, 60-வது நிமிடத்துக்கு மேல் விங்கரை விட்டுவிட்டு அவருக்கு எதிரே நிற்கும் ஃபுல்-பேக்கைக் கவனியுங்கள். முதல் பாதியில் ஒட்டி நின்றவர் இப்போது இரண்டு எட்டு பின்னால் தள்ளி நிற்கிறாரா, உதவிக்கு யாரையாவது கை காட்டிக் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள்.