கட்டுவதா, வாங்குவதா?

அன்புள்ள அண்ணா,

நீங்கள் வீட்டில் விமானம் கட்டிய அனுபவத்தை எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில், மினியாபோலிஸ் புறநகரில். மென்பொருள் வேலை, வயது 44. விமானி உரிமம் எடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை செஸ்னா 172-ஐ வாடகைக்கு எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

போன வருடம் ஆஷ்காஷ் விமான விழாவில், வீட்டிலேயே கட்டக்கூடிய பீட்டன்போல் ஏர் கேம்பர் என்ற இரண்டு இருக்கை விமானம் ஒன்று புல்தரையிலிருந்து எழும்பிப் போவதைப் பார்த்தேன். திறந்த காக்பிட், மர இறக்கை, தோல் தொப்பி போட்ட ஒரு பெரியவர். அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. வரைபடம் வாங்கிவிட்டேன். இரண்டு கார் நிற்கும் கராஜ் இருக்கிறது. மேசை, அலமாரி செய்யும் அளவுக்கு மரவேலை வரும். மனைவி தடுக்கவில்லை. மூன்று கேள்விதான் கேட்டாள்: "எப்ப முடியும்? எவ்வளவு ஆகும்? விழுந்தா என்ன பண்றது?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளை முன் இருக்கையில் உட்காரவைத்துப் பறக்க வேண்டும் என்பது என் கனவு.

கட்டுவதா, யாராவது கட்டியதை வாங்குவதா? கட்டினால் செல்ஃப் ஸ்டார்ட்டர், பெரிய இன்ஜின், கொஞ்சம் அகலமான காக்பிட் என்று சில மாற்றங்கள் செய்யலாமா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. உங்கள் கையால் ஒரு விமானம் கட்ட வேண்டும் என்பது ஒன்று. மகளை முன் இருக்கையில் வைத்துப் பறக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டு, மாலையிலும் வார இறுதியிலும் கட்டுகிறவருக்கு ஏர் கேம்பர் ஆயிரம் மணி நேரத்துக்குக் குறைந்து முடியாது. ஐந்து வருடம், ஏழு வருடம், பத்து வருடம் என்று போவது சாதாரணம். அது முடிந்து, சோதனைப் பறத்தலும் முடிந்து, நீங்கள் முன் இருக்கையைக் காட்டும்போது உங்கள் மகள் கல்லூரிக்குப் போயிருப்பாள். இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. எந்த ஆசை பெரியது என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் மற்ற கேள்விகளுக்கு அர்த்தம் உண்டு.

அந்தச் சோதனைப் பறத்தல் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானம் எக்ஸ்பெரிமென்டல், அதாவது பரிசோதனை வகையில் பதிவாகிறது. பொதுவாக, இன்ஜினும் புரொப்பல்லரும் சேர்ந்து சான்றிதழ் பெற்ற ஜோடியாக இருந்தால் முதல் 25 மணி நேரமும், இல்லாவிட்டால் 40 மணி நேரமும் குறிப்பிட்ட பகுதிக்குள்ளேயே பறக்க வேண்டும். அப்போது பயணி யாரையும் ஏற்றக் கூடாது. மினசோட்டாவில் திறந்த காக்பிட்டில் சுகமாகப் பறக்கக்கூடிய மாதங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்த 40 மணி நேரமே ஒரு கோடையை விழுங்கிவிடும்.

எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு ஏர் கேம்பரில் உட்கார்ந்து பாருங்கள். ஜூலையில், ஆஷ்காஷ் விழாவுக்கு முந்தைய வார இறுதியில், விஸ்கான்சினில் பிராட்ஹெட் என்ற சின்ன ஊரின் புல் ஓடுபாதையில் பீட்டன்போல்காரர்கள் கூடுவார்கள். போய்க் கேளுங்கள், யாராவது ஒருவர் ஏற்றிக்கொண்டு போவார். முன் இருக்கைக்குள் நுழைவதே ஒரு வேலை. தலைக்கு மேலே இறக்கை, பக்கத்தில் அதைத் தாங்கும் குழாய்கள், குறுக்கே கம்பிகள். காலை மடக்கி, உடம்பைத் திருப்பித் திருப்பித்தான் இறங்க வேண்டும். மேலே போனதும் காற்றும் இன்ஜின் சத்தமும் பேச்சை முழுங்கிவிடும். ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி செல்சியஸ் என்ற கணக்கில் குளிர் ஏறும். மணிக்கு 70, 75 மைல் வேகம்தான், எதிர்காற்று அடித்தால் கீழே நெடுஞ்சாலையில் கார்கள் உங்களைத் தாண்டிப் போகும். அரை மணி நேரம் அப்படிப் பறந்து இறங்கிய பிறகும் முகத்தில் சிரிப்பு போகவில்லை என்றால் மேலே படியுங்கள். எனக்கு அது போகவில்லை, இன்றுவரை போகவில்லை.

அங்கேயே பின் இருக்கையிலும் உட்காருங்கள். விமானி உட்காரும் இடம் அது. தோளும் முழங்காலும் எங்கே இடிக்கின்றன என்று பாருங்கள். உங்கள் எடையைச் சொல்லி, அந்த விமானத்தின் எடைக் கணக்கை அதன் உரிமையாளரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ஏர் கேம்பரில் விமானி ஈர்ப்பு மையத்துக்கு வெகுவாகப் பின்னால் இருக்கிறார். ஆள் கனமானால் வால் கனக்கும். வால் கனத்த விமானம் ஆபத்தானது. இதைச் சரிசெய்யத்தான் பலரும் இறக்கையைத் தாங்கும் குழாய்களைச் சாய்த்து, இறக்கையையே சில அங்குலம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள்.

இது உங்கள் கடைசிக் கேள்விக்குக் கொண்டுவருகிறது. மாற்றங்கள் வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் செர்ரி குரோவ் என்ற கிராமம் வரும். பெர்னார்ட் பீட்டன்போல் அங்கேதான் இதைக் கட்டினார். பள்ளியில் பொறியியல் படித்தவர் அல்ல, தானாகக் கற்றுக்கொண்ட மெக்கானிக். 1929-ல் ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜினை வைத்துப் பறந்தார். 40 குதிரைசக்திதான். கார் இன்ஜினில் விமானம் ஒழுங்காகப் பறக்காது என்று மினியாபோலிஸிலிருந்து வந்த மாடர்ன் மெக்கானிக்ஸ் பத்திரிகையின் ஆசிரியர் எழுதினார். பீட்டன்போல் 1930-ல் இரண்டு விமானங்களை அந்த ஆசிரியர் இருந்த ராபின்ஸ்டேலுக்கே பறக்கவைத்துக் கொண்டுபோய்க் காட்டினார். அதே பத்திரிகைக்காரர்கள்தான் பிறகு அதன் வரைபடத்தை வெளியிட்டார்கள். 90 வருடத்துக்கு மேலாக மக்கள் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஃபோர்டு இன்ஜின் கனமானது. அதன் ரேடியேட்டர் விமானியின் கண்ணுக்கு நேரே மறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அந்தக் கனம் மூக்கில் இருந்ததால்தான் பின்னால் உட்காரும் ஆளின் எடை சமன்பட்டது. அதை எடுத்துவிட்டு இலேசான காண்டினென்டல் ஏ-65 என்ற விமான இன்ஜினைப் போட்டால் அதை இன்னும் முன்னால் தள்ளிப் பொருத்த வேண்டியிருக்கும். ஒன்றைத் தொட்டால் மூன்று அசையும். பீட்டன்போலே 1960-களில் ஷெவர்லே கார்வெய்ர் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு மாறினார். அந்த வழியில் ஏற்கெனவே பலர் போயிருக்கிறார்கள், அவர்கள் கணக்கும் அனுபவமும் கிடைக்கும். இன்ஜினை மாற்றுவதானால் பலர் போன வழியிலேயே போங்கள். வெற்று விமானமே 600 பவுண்டு சொச்சம்தான். அதில் ஸ்டார்ட்டர், பேட்டரி, ஆல்டர்னேட்டர் என்று ஏற்றும் ஒவ்வொரு பவுண்டும் உங்கள் மகள் உட்காரும் இடத்திலிருந்து கழிகிறது. இன்னொன்று, மினியாபோலிஸ் பெரிய விமான நிலையத்தைச் சுற்றி 30 நாட்டிகல் மைலுக்கு, விமானம் இருக்கும் இடத்தைத் தானாகத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர், ஏடிஎஸ்-பி கருவிகள் வேண்டும் என்று விதி இருக்கிறது. இன்ஜினால் இயங்கும் மின்சார அமைப்பு இல்லாமலே சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கு அதில் சலுகை உண்டு. ஆல்டர்னேட்டர் போட்டால் அந்தச் சலுகையும் போகும். ஸ்டார்ட்டர் இல்லாவிட்டால் புரொப்பல்லரைக் கையால் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும், அதை ஒரு அனுபவசாலியிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். வாலைக் கட்டிப்போடாமல், உள்ளே விவரம் தெரிந்த ஆள் இல்லாமல் ஒருபோதும் சுற்றாதீர்கள்.

சரி, கட்டும் ஆசை உண்மையானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ரிப் செய்து பாருங்கள்.

இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் சட்டகம்தான் ரிப். ஏறக்குறைய முப்பது வேண்டும். ஒரு பலகையில் முழு அளவு வரைபடத்தை ஒட்டி, மேலே மெழுகுத் தாள் விரித்து, கோட்டின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மரக்கட்டைகளைப் பதித்தால் ஜிக், அதாவது ரிப்புக்கான அச்சு, தயார். கால் அங்குலத்துக்கு அரை அங்குலம் ஸ்ப்ரூஸ் மரச் சட்டம் எடுங்கள். மர நார் நேராக ஓட வேண்டும், 15 அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் அந்தச் சட்டத்தை ஒதுக்கிவிடுங்கள். முன் வளைவுக்கு உரிய பகுதியை வெந்நீரில் ஊறவைத்து மெதுவாக வளைத்து, ஜிக்கில் செருகிக் காயவிடுங்கள். பிறகு குறுக்குச் சட்டங்கள். ஒவ்வொன்றின் நுனியையும் சாய்வுக்குத் தகுந்தபடி தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருக்கக் கூடாது. எப்பாக்ஸி கலந்து, ஒவ்வொரு கூட்டின் மேலும் மெல்லிய ப்ளைவுட் துண்டை ஒட்டி, குண்டூசி போன்ற ஆணியை அடிக்க வேண்டும். மறுநாள் கழற்றித் திருப்பி, மறுபக்கத்துக்கும் அதே வேலை.

அன்றைக்குக் கலந்த பசையில் ஒரு துளி எடுத்து இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். இறுகியதும் அதை வைஸில் பிடித்து உடையுங்கள். மரம் நார் நாராகக் கிழிந்து வந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒட்டிய கோட்டிலேயே வழுவழுவென்று பிரிந்து வந்தால் அன்று செய்த ரிப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மனசு கேட்காது. போட்டுத்தான் ஆக வேண்டும்.

முதல் ரிப்பை வீட்டில் எல்லோருக்கும் காட்டுவீர்கள். பத்தாவதை யாரும் கேட்க மாட்டார்கள். அது ஒன்பதாவதைப் போலவே இருக்கும், செய்ய வேண்டியவை இன்னும் இருபது இருக்கும். அந்தச் சமயத்தில் சாப்பிட்டுக் கைகழுவியதும் கால் தானாக கராஜுக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் நீங்கள் கட்டுகிறவர். போகாவிட்டால் உங்களுக்குப் பிடித்தது பறப்பது. அதில் ஒரு குறைவும் இல்லை. மரத்துக்கும் பசைக்கும் ஆன சொற்பச் செலவில் அது தெரிந்துபோகும். அதற்கு முன்னால் மற்ற எதற்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள். இன்ஜினை மலிவாகக் கிடைத்தது என்று முதலிலேயே வாங்கி, மூலையில் வைத்துத் துரு ஏற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கராஜ் உத்தரத்தில் பாதி முடிந்த உடற்பகுதி தொங்க, கட்டியவர் காலமாகி, அவர் மனைவி அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்ற வீட்டுக்கும் போயிருக்கிறேன். உங்கள் வீடு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கராஜை அளந்துவிட்டீர்களா? உடற்பகுதி அதில் அடங்கும். ஒரே துண்டாகக் கட்டும் 29 அடி இறக்கை அடங்காது. மூன்று துண்டாகக் கட்டும் இறக்கைக்கும் வரைபடம் உண்டு, அதை எடுங்கள்.

இப்போது உங்கள் மனைவியின் கேள்விகள். எப்போது முடியும் என்றதற்குத் தேதி சொல்லாதீர்கள், அது பொய்யாகிவிடும். வாரத்தில் எந்த மாலைகள் கராஜுக்கு, எந்த மாலைகள் வீட்டுக்கு என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள், அதை மீறாதீர்கள். எவ்வளவு ஆகும் என்றதற்கு நேர்மையான பதில், மரவேலைக் காலத்தில் குறைவு, இன்ஜின், புரொப்பல்லர், மேலே போர்த்தும் துணி, பெயின்ட் என்று கடைசியில் மொத்தமாக வரும் என்பதே. பறக்கத் தொடங்கிய பிறகு ஹேங்கர் வாடகையும் காப்பீடும் தொடரும். விற்றால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது.

மூன்றாவது கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஆபத்து உண்டு. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்தது. கட்டி முடித்த புதிதிலும், கை மாறி வாங்கியவர் முதன்முதலாக ஓட்டும்போதும்தான் விபத்துகள் குவிந்திருந்தன. ஆகவே வாங்கினால் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்பெரிமென்டல் விமானச் சங்கத்தில் சேருங்கள். அதன் தொழில்நுட்ப ஆலோசகர்கள் தன்னார்வலர்கள், காசு வாங்காமல் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். ரிப் முடிந்ததும் ஒருமுறை, துணி போர்த்துவதற்கு முன் ஒருமுறையாவது கூப்பிடுங்கள். துணி போர்த்தியபின் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

வாங்குவதானால், கட்டியவரின் குறிப்பேட்டையும் புகைப்படங்களையும் கேளுங்கள். கம்பிகள் சேருமிடம், இறக்கையின் அடிப்பக்கம், ஈரம் தங்கும் மூலைகள் எல்லாவற்றையும் மர விமானம் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்துப் பாருங்கள். வருடாந்திரச் சோதனையில் கையெழுத்திடும் உரிமை கட்டியவருக்குக் கிடைக்கும், வாங்கியவருக்குத் தானாகக் கிடைக்காது. அதற்கு நீங்கள் மெக்கானிக்கிடம் போக வேண்டியிருக்கும். பாதி கட்டியதை வாங்கி முடிப்பதும் ஒரு வழி. பாதிக்கு மேல் வேலை தொழில்முறை அல்லாதவர்கள் செய்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி, அவர்கள் ஒருவருக்கு மேல் இருக்கலாம். ஆனால் முன்னவரின் பசைச் சோதனைக் குறிப்புகள் இல்லாவிட்டால் நான் தொட மாட்டேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகளுக்காக இந்த வருடமே பறக்கும் நிலையில் உள்ள ஒன்றைத் தேடத் தொடங்குவேன். ரிப்பையும் கூடவே செய்வேன். அவளுக்கு விருப்பம் இருந்தால் ப்ளைவுட் துண்டுகளை வெட்டும் வேலையை அவளிடம் கொடுப்பேன். உங்கள் செஸ்னாவுக்கு மூக்குச் சக்கரம். ஏர் கேம்பருக்கு வால் சக்கரம், தரையில் அதன் குணமே வேறு, அதற்குத் தனிப் பயிற்சியும் பயிற்றுநரின் ஒப்புதலும் வேண்டும். கட்டினாலும் வாங்கினாலும் அது இல்லாமல் முடியாது. அருகில் பைப்பர் கப் என்ற வால் சக்கர விமானம் வைத்திருக்கும் பயிற்றுநர் யார் என்று விசாரித்து, பனி உருகியதும் அந்த வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

அன்புடன்