அக்ரிலிக் பெயின்ட்: "தண்ணி கலர்தானே"ன்னு கேட்டவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரு கேள்வி பதில்

அக்ரிலிக் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னேன். பிரஷ், ஷேடிங்னு வரும்னு பார்த்தா பாதிக்கு மேல "இது சேஃபா, எங்க வைக்கறது, எங்க கொட்டறது"ன்னே வந்திருக்கு. நல்லதுதான், இதெல்லாம் யாரும் சொல்லித்தர்றதில்ல. நான் எமல்ஷன் பெயின்ட் (சுவத்துக்கு அடிக்கற வாட்டர் பேஸ்டு பெயின்ட்) பண்ற இடத்துல லேப் வேலை பார்த்தவ, இப்போ பசங்களுக்கு டிராயிங் சொல்லிக்கொடுக்கறேன், டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: அக்கா, வாட்டர் பேஸ்டுன்னுதானே போட்டிருக்கு, அப்புறம் எதுக்கு இவ்வளவு பில்டப்பு?

பதில்: டப்பாக்குள்ள தண்ணி மட்டுமா இருக்கு தம்பி? நிறமி இருக்கு, கண்ணுக்கே தெரியாத சைஸ்ல அக்ரிலிக் பிளாஸ்டிக் துகள் இருக்கு, கொஞ்சமே கொஞ்சம் அம்மோனியா, நுரை அடக்கறதுக்கு ஒண்ணு, காயும்போது துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டறதுக்கு ஒரு கரைப்பான், பாக்டீரியா வராம இருக்க பிரிசர்வேட்டிவ். தண்ணி ஆவியாகிப் போயிடும், மிச்சம் எல்லாம் சுவத்துலயோ கேன்வாஸ்லயோ உங்க வீட்டு சிங்க் பைப்புலயோதான் தங்கும். ஈரமா இருக்கறப்ப தீப்பிடிக்காது, தின்னர் வேண்டாம், அந்த வகையில எனாமலை விட எவ்வளவோ தேவலாம். கவனம் வேண்டிய இடம் மூணு: வாய்க்குள்ள போறது, பொடியாவோ ஸ்ப்ரேயாவோ மூச்சுல போறது, கழுவின தண்ணியா சாக்கடைக்குப் போறது. கீழ வர்ற கேள்வி நிறைய இந்த மூணுக்குள்ளதான் சுத்துது.

கேள்வி: ரெண்டு வருஷம் முன்னாடி சுவத்துக்கு அடிச்ச எமல்ஷன் மிச்சம் இருந்துச்சு, இன்னிக்கு திறந்தா அழுகின முட்டை நாத்தம். கொஞ்சம் டெட்டால் ஊத்தி கலக்கி அடிச்சிடலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறார்.

பதில்: வேண்டாம்மா, அடிக்கவே அடிக்காதீங்க. லேசா அம்மோனியா வாசம் வந்தா அது நார்மல், முட்டை நாத்தம்னா உள்ள பாக்டீரியா குடும்பம் நடத்துதுன்னு அர்த்தம். டெட்டால், பிளீச்சிங் பவுடர் எது ஊத்தினாலும் நாத்தம் அடங்கற மாதிரி தெரியும், பெயின்ட் திரிஞ்சு போகவும் சான்ஸ் இருக்கு, சுவத்துல அடிச்ச பிறகு மழைக்காலத்துல அந்த நாத்தம் திரும்ப வந்து உக்காந்துக்கும். எப்படி வந்துச்சுன்னு கேட்டா பெரும்பாலும் நாமளே உள்ள விட்டதுதான், பிரஷ்ஷ நேரா டப்பாவுக்குள்ளயே முக்கறது, தட்டுல மிஞ்சினத திரும்ப டப்பாவுலயே ஊத்தறது, போர் தண்ணிய கலந்துட்டு அப்படியே மூடி வைக்கறது. தண்ணி கலந்தா கலந்த அளவ அன்னிக்கே முடிச்சிடணும், ஏன்னா பிரிசர்வேட்டிவ் அளவெல்லாம் டப்பாவுல இருக்கற பெயின்ட்டுக்குத்தான் கணக்கு பண்ணி போட்டிருப்பாங்க, நீங்க ஊத்தற தண்ணிக்கு இல்ல. வேற வழியில்லாம தண்ணி சேர்த்து வைக்கணும்னா கொதிக்க வெச்சு ஆறின தண்ணி மட்டும்.

கேள்வி: அப்போ மிச்சத்த எப்படித்தான் வைக்கறது?

பதில்: காத்து கம்மியா இருக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம். 4 லிட்டர் டப்பாவுல அரை லிட்டர் இருந்தா சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தி விளிம்பு வரைக்கும் நிரப்பிடுங்க. தகர டின்னுன்னா உள்பக்கம் துரு பிடிச்சு கலர் கெடும். மூடியோட மரைய ஈரத்துணியால துடைச்சிட்டு லேசா வாசலின் தடவுனா அடுத்த தடவ கட்டிங் பிளேயர் தேட வேண்டாம். கம்பெனி, ஷேட் நம்பர், திறந்த தேதி, எந்த ரூம்னு எழுதி ஒட்டுங்க. ஒண்ணே ஒண்ணு கெஞ்சி கேக்கறேன், ஊறுகாய் பாட்டில், ஜூஸ் பாட்டில்ல மாத்தாதீங்க. ரோஸ் கலர் எமல்ஷன் ரோஸ்மில்க் பாட்டில்ல இருந்தா குழந்தைக்கு அது ரோஸ்மில்க்தான்.

கேள்வி: சென்னை. மொட்டை மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ரூம்தான் என் ஸ்டூடியோ. வெயில்ல பெயின்ட் கெடுமா? போன மே மாசம் ரெண்டு கேன்வாஸ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு.

பதில்: கெடும், ஆனா உடனே இல்ல. ஷீட்டுக்குக் கீழ மத்தியானம் வெளிய விட சூடு ஜாஸ்தி, தினமும் அப்படி வெந்தா தண்ணி மெல்ல ஆவியாகி பெயின்ட் கெட்டியாகும், டியூப் மூடி ஓரத்துல தோல் கட்டும். கீழ் வீட்டுல கட்டிலுக்கு அடியில வைங்க, தரையோரம்தான் எப்பவும் கூலா இருக்கும். கேன்வாஸ் ஒட்டினது வேற விஷயம். அக்ரிலிக் காஞ்ச பிறகும் பிளாஸ்டிக்தான், சூட்டுல இளகும், சென்னை புழுக்கத்துல மேல் பரப்பு லேசா பிசுபிசுப்பாவே இருக்கும். அதனால படத்த முகத்தோட முகம் சாய்ச்சு வைக்கக்கூடாது, பாலித்தீன் கவர் நேரா படற மாதிரி சுத்தவும் கூடாது, நடுவுல சிலிகான் பூச்சு இருக்கற பேக்கிங் ஷீட் வைங்க, பேக்கரிக்காரங்க டிரேல போடுவாங்களே அது. ஒட்டினத சூடு காட்டி பிரிக்கப் பார்த்தா ரெண்டும் போச்சு. ஏசி ரூம்ல நல்லா குளிர விட்டு ஒரு மூலையிலருந்து மெதுவா பிரிங்க.

கேள்வி: நாங்க ஊட்டி. உங்களுக்கு வெயில் பிரச்சனை, எங்களுக்கு உறைபனி.

பதில்: ஆமா, டிசம்பர் ஜனவரில வெளிய வெச்ச டப்பா உறைஞ்சு போகவும் சான்ஸ் இருக்கு. அப்படி ஆனா அடுப்பு, வெந்நீர் எல்லாம் வேண்டாம், ரூம்ல வெச்சு தானா இளகட்டும், அப்புறம் கலக்கிப் பாருங்க. வழுவழுன்னு வந்தா ஓகே, திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா வந்தா அது முடிஞ்ச கதை, எவ்வளவு அடிச்சாலும் சேராது. இன்னொண்ணும் ஞாபகம் வைங்க, சுமார் 10 டிகிரிக்குக் கீழ அடிச்சா அந்த பிளாஸ்டிக் துகளெல்லாம் சரியா ஒட்டாம தண்ணி மட்டும் போய் பெயின்ட் பொடியாவோ வெடிச்சோ நிக்கும். காலையில சீக்கிரம் வேலைய முடிச்சிடலாம்னு நினைக்காம வெயில் ஏறின பிறகு அடிங்க, சாயங்காலத்துக்கு முன்னாடி நிறுத்திடுங்க.

கேள்வி: பிரஷ் கழுவின தண்ணிய எங்கதான் கொட்டறது? கிச்சன் சிங்க்ல ஊத்தி ஊத்தி அடைச்சுக்கிச்சு.

பதில்: இதுக்குத்தான் நீளமா பதில் சொல்லப்போறேன், பொறுத்துக்கோங்க. கழுவறதுக்கு முன்னாடியே பிரஷ்ல, தட்டுல இருக்கறத பழைய பேப்பர்ல நல்லா தேச்சு எடுத்துடுங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சது. அப்புறம் ஓடற குழாய்ல கழுவாம ஒரு பக்கெட்ல கழுவுங்க. அந்த கலர் தண்ணிய சும்மா விட்டா தெளியவே தெளியாது, துகள் அவ்வளவு பொடி. அதுக்குத்தான் படிகாரம். குடிதண்ணி சுத்திகரிக்கற இடத்துலயும் படிகார வகைதான் போடறாங்க, அதே வேலைதான் இங்கயும். ஒரு பக்கெட்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் படிகாரப் பொடிய கொஞ்சம் தண்ணில கரைச்சு ஊத்தி கலக்குங்க, சித்த நேரம் விட்டு அதே அளவுக்கு நீத்த சுண்ணாம்ப கரைச்சு ஊத்தி மறுபடி கலக்கிட்டு ஒரு நாள் அசையாம விடுங்க. கலரெல்லாம் திரிதிரியா சேர்ந்து அடியில உக்காந்துக்கும், மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். தெளியலன்னா இன்னும் கொஞ்சம் படிகாரம். பழைய வேட்டித் துணிய நாலா மடிச்சு வடிகட்டி, தண்ணிய டாய்லெட்ல ஊத்திடலாம், துணியில நிக்கற சக்கைய வெயில்ல காய வெச்சு குப்பையில போடுங்க. அந்த தெளிஞ்ச தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க, குறிப்பா கீரை, தக்காளி வெச்சிருக்கவங்க, கரைஞ்சு போன சமாச்சாரம் அதுல இன்னும் இருக்கும். சுண்ணாம்பு கரைக்கும்போது கண்ணாடி போடுங்க, குழந்தைங்கள கிட்ட விடாதீங்க. சுண்ணாம்பு கண்ணுல பட்டா பார்வையே போகும், இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப டேஞ்சர் அதுதான், பெயின்ட் இல்ல.

கெட்டுப்போன முழு டப்பாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், சிமென்ட் தூளோ மரத்தூளோ கலந்து கெட்டியாக்கி காய வெச்சு, மூடிய திறந்தபடியே குப்பைக்காரங்ககிட்ட சொல்லிக் குடுங்க. கொளுத்தாதீங்க, எரியற அக்ரிலிக் புகை கண்ணையும் தொண்டையையும் பிடிச்சிக்கும்.

கேள்வி: காலி 20 லிட்டர் பக்கெட்ட நல்லா கழுவி குடிதண்ணி பிடிக்கலாமா?

பதில்: கூடாது. துணி ஊற வைங்க, மாடித்தோட்டத்துல பூச்செடி வைங்க. அரிசி, தண்ணி, மாவு, எதுவும் வேண்டாம். தண்ணி பிடிச்சு வைக்கறவங்க தவழற குழந்தை இருந்தா மூடி போடுங்க, உயரமான பக்கெட்ல தலைகுப்புற விழுந்தா குழந்தையால எழுந்திரிக்க முடியாது.

கேள்வி: கிருஷ்ண ஜெயந்திக்கு பையனுக்கு நீலக் கலர் பூசணும் அக்கா. டியூப்ல நான் டாக்ஸிக்னு போட்டிருக்கு, மூஞ்சில தடவலாமா?

பதில்: தடவாதீங்க. நான் டாக்ஸிக்னா பெயின்ட்ட பெயின்ட்டா யூஸ் பண்ணா ஆபத்து இல்லன்னுதான் அர்த்தம், தோல்ல பூசறதுக்கோ சாப்பிடறதுக்கோ குடுத்த சர்டிஃபிகேட் இல்ல அது. காஞ்சா தோல் மேல பிளாஸ்டிக் படலம், உரிச்சா முடியோட வரும், கண்ணு பக்கம் வேற. ஸ்கின்னுக்குன்னே விக்கற ஃபேஸ் பெயின்ட் வாங்கி முந்தின நாளே உள்ளங்கைக்கு மேல, மணிக்கட்டு உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்க.

குழந்தை தெரியாம கொஞ்சம் நக்கிட்டா வாய கழுவி ரெண்டு மடக்கு தண்ணி குடுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. நிறைய குடிச்சிருந்தாலோ இருமல், சோர்வுன்னு வந்தாலோ டப்பாவையும் கையில எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கண்ணுல பட்டா 15 நிமிஷம் சுத்தமான தண்ணி விட்டு கழுவிட்டு டாக்டர்.

கேள்வி: பெயின்ட் பண்ணா கை விரல் இடுக்குல அரிப்பு. தின்னர் போட்டு துடைச்சா இன்னும் எரியுது.

பதில்: தின்னர போட்டா எரியாம? தேங்காய் எண்ணெய் தடவி ஊற விட்டு சோப்பு போட்டு கழுவுங்க. அரிப்பு பிரிசர்வேட்டிவால இருக்கலாம், ஐசோதயாசோலினோன்னு ஒரு குடும்பம், ஷாம்புலயும் வரும். அதுல மெத்தில்ஐசோதயாசோலினோன அமெரிக்க தோல் அலர்ஜி சங்கமே 2013ல "வருஷத்தோட அலர்ஜி பொருள்"னு அறிவிச்சாங்க. ஒரு தடவ உடம்புக்கு ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் துளி பட்டாலும் வரும், அதனால நைட்ரைல் கிளவுஸ் போடுங்க, ஸ்கின் டாக்டர பாருங்க.

கேள்வி: பாட்டி காலத்து கொலு பொம்மைக்கு அக்ரிலிக் டச்சப் பண்றேன். பழைய கலர உப்புத்தாள் போட்டு தேய்க்கலாமா? அப்புறம் காட்மியம் ரெட்ட ஏர்பிரஷ்ல அடிக்கலாமா?

பதில்: ரெண்டுக்கும் வேண்டாம்னுதான் சொல்வேன். பழைய பொம்மை மேல இருக்கற கலர்ல ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல கூடாதுன்னு விதி வந்ததே 2016ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. காகிதக்கூழ் பொம்மைய ஈரம் போட்டு தேய்க்கவும் முடியாது, கரைஞ்சிடும். உதிர்ற இடத்த மட்டும் மெதுவா எடுத்துட்டு மேலயே பூசுங்க, பாட்டி கலர் அடியில இருந்துட்டு போகட்டும். காட்மியம் ஒரு விஷ உலோகம், பிரஷ்ல அடிச்சா பிரச்சனை இல்ல, ஸ்ப்ரேயாவும் பொடியாவும்தான் மூச்சுல போகக்கூடாது. டியூப் பின்னாடி நிறமி நம்பர் PR 108, PY 35ன்னு இருந்தா அது அசல் காட்மியம், பேருக்குப் பின்னாடி "ஹியூ"ன்னு இருந்தா காட்மியம் இல்லாத கலவை, ஏர்பிரஷ்ஷுக்கு அத வாங்குங்க. அப்பவும் என்-95 மாஸ்க், கர்ச்சீஃப் கட்டினா போதாது.

கேள்வி: என் மனைவி அஞ்சு மாசம். பெட்ரூம் பெயின்ட் அடிக்கறோம், எப்போ உள்ள படுக்கலாம்?

பதில்: தொட்டா காஞ்சிருக்கு, ஆனா கரைப்பானும் பிரிசர்வேட்டிவும் நாள்கணக்கா காத்துல வந்துக்கிட்டுதான் இருக்கும். ஜன்னல திறந்து ஃபேன் போட்டு விடுங்க, வாசம் சுத்தமா போற வரைக்கும் வேற ரூம்ல படுங்க, லோ விஓசின்னு (காத்துல ஆவியாகற கெமிக்கல் கம்மின்னு அர்த்தம்) போட்டிருந்தாலும் இதேதான். பழைய சுவத்த சுரண்டற அன்னிக்கு அவங்க அம்மா வீட்டுக்கு போயிடட்டும், புது பெயின்ட்ட விட அந்த தூசிதான் கெடுதல்.

கேள்வி: களிமண் பிள்ளையாருக்கு அக்ரிலிக் அடிச்சு கிணத்துல கரைக்கலாமா?

பதில்: களிமண் கரையும், அக்ரிலிக் தோலா மிதக்கும். கரைக்கறதுன்னா மஞ்சள், காவி, செம்மண் போதும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இயற்கை நிறம்தான் சொல்றாங்க. ஏற்கனவே அடிச்சாச்சுன்னா கரைக்காம வீட்டுலயே வெச்சுக்கோங்க, அடுத்த வருஷமும் அவரேதான்.